புதிய கணினி இரண்டா, பழைய கணினி பதினெட்டா?

கடந்த தவணை பழைய மாணவிகள் சங்கத்தினர் நமது கணினி ஆய்வுகூடத்தைப் பார்வையிட வந்தார்கள். "உங்களுக்கு என்ன வேணும் மகள்மாரே?" என்று அவர்களில் ஒரு ராத்தா அன்போடு கேட்டார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "புதுக் கம்பியூட்டர்" என்றோம். நானும்தான் சொன்னேன், மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னேன். இரண்டு புதிய கணினிகள் வாங்கித் தர யோசித்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அன்று சொன்ன பதிலை வாபஸ் வாங்குவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஆய்வுகூடத்தை அறியாத தரம் ஆறு தங்கைகளுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்யும் கணினிகள் 18. எல்லாம் ஒரே தொகுதியாக வந்தவை. இன்டெல் கோர் ஐ3 மூன்றாம் தலைமுறை, 4 ஜிகாபைட் ரெம், 500 ஜிகாபைட் வன்றட்டு, விண்டோஸ் 10. பாடவேளை 40 நிமிடம். மணியடித்து, மேல் மாடியிலிருந்து வரிசையாக இறங்கி, சப்பாத்தை விறாந்தையில் கழற்றி வைத்து, பதிவேட்டில் ஒப்பமிட்டு, கதிரைக்கு ஒருவரோடொருவர் இடிபட்டு அமரும்போது ஐந்து நிமிடம் போய்விடும். பிறகு பொத்தானை அழுத்துவோம். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை ஊர்க்கதைகள் பேசி முடித்திருக்கிறோம்! எந்தப் பாடத்திலும் பேசினால் திட்டுகின்ற டீச்சர்கூட அந்த நேரத்தில் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லி என்ன செய்வது?

ஒரு நாள் எனக்கு அந்த நேரத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பாடசாலைக்குக் கைத்தொலைபேசி கொண்டுவர முடியாது. எனவே விளையாட்டு டீச்சரிடம் போய் நிறுத்தற் கடிகாரத்தை இரவல் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். "அந்தக் கம்பியூட்டர் ஓடுறத அளக்க ஸ்டொப் வோச் எதுக்கு? கலண்டர் போதுமே" என்று சிரித்துவிட்டுத் தந்தார்.

அளக்கத் தொடங்கியதும்தான் முதல் சிக்கல் வந்தது. கணினி "தொடங்கிவிட்டது" என்று எப்போது சொல்வது? நமது கணினிகளில் இரண்டு நிமிடத்துக்குள் மேசைத்திரைப் படம் வந்துவிடும். ஆனால் ஒரு சின்னத்தைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. மீண்டும் சொடுக்குவோம். ஒன்றும் நடக்காது. பக்கத்தில் இருப்பவள் பொறுமையிழந்து தானும் சொடுக்குவாள். இறுதியில் ஒரே மென்பொருள் ஏழு தடவை திறக்கும். படம் வந்ததை வைத்துக் கணக்கெடுத்தால் அது கடைக்காரர் கணக்கு. நான் வேறொரு விதி வைத்தேன். பொத்தானை அழுத்துவது ஆரம்பம். பைதன் நிரலாக்கச் சூழலைத் திறந்து, ஒரு வரி எழுதி, அதன் விடை திரையில் வருவது முடிவு. நமக்குக் கணினி தேவைப்படுவது அதற்குத்தானே.

இன்னொரு விடயத்தை நானா சொல்லித் தந்தார். 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல், நாம் "நிறுத்து" என்று சொன்னாலும் கணினி முழுமையாக நிற்பதில்லை. பணிசெயல் முறைமையின் உட்பகுதியை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. மறுநாள் விரைவாக எழும்புவதற்கான தந்திரம் அது. ஷிஃப்ட் சாவியை அழுத்திக்கொண்டு நிறுத்தினால்தான் உண்மையில் நிற்கும். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நீதி இருக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தி, மறுநாள் காலை அளந்தேன்.

ஆய்வுகூடத்தில் ஐந்து கணினிகளை மூன்று காலைகள் அளந்தேன். ஆகக் குறைந்தது 5 நிமிடம் 20 செக்கன். ஆகக் கூடியது 7 நிமிடம் 5 செக்கன். பெரும்பாலும் ஆறு நிமிடத்தை ஒட்டியே வந்தது. அலுவலகத்தில் புதிதாக வந்த கோர் ஐ5 கணினியை அனுமதி பெற்று அளந்தேன். அது 41 செக்கன். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, புதியது விரைவானது, பழையது மெதுவானது என்று நினைத்தேன்.

நினைப்பைக் கலைத்தவை இரண்டு மடிகணினிகள். ஒன்று என் வகுப்புத் தோழி ஒருத்தியுடையது. கொரோனாக் காலத்தில் 2020 இல் இணையவழி வகுப்புகளுக்காக அவளது வாப்பா தவணைக் கட்டணத்தில் வாங்கியது. கோர் ஐ5 பத்தாம் தலைமுறை, 8 ஜிகாபைட் ரெம், மூடியில் மினுமினுக்கும் ஸ்டிக்கர். மற்றது எங்கள் நானாவுடையது. 2014 ஆம் ஆண்டு மாதிரி, கோர் ஐ3 நான்காம் தலைமுறை. பாவித்ததை வாங்கியது. ஒரு பக்கத்துப் பிணைச்சல் உடைந்து, மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். உம்மா அதை "நொண்டிப் பெட்டி" என்பார்.

தோழியின் மடிகணினி 3 நிமிடம் 10 செக்கன். நொண்டிப் பெட்டி 58 செக்கன்.

கடிகாரத்தில்தான் பிழை என்று எண்ணி மூன்று தடவை திரும்ப அளந்தேன். பிழை இல்லை. வித்தியாசம் ஸ்டிக்கரில் எழுதப்படாத ஒன்றில் இருந்தது. தோழியின் கணினியில் இருந்தது 1 டெராபைட் சுழலும் வன்றட்டு. நானா தன் பெட்டியிலிருந்த வன்றட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் போட்டிருந்தார்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எவருக்கும் நினைவகப் படிநிலை என்ற முக்கோணம் மனப்பாடம். மேலே பதிவகம், அடுத்துப் பதுக்கு நினைவகம், பிறகு பிரதான நினைவகம், அடியில் வட்டு. மேலே போகப் போக வேகமும் விலையும் கூடும், கொள்ளளவு குறையும். இதை நான் ஐந்து பரீட்சைகளில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் நிறுத்தற் கடிகாரத்தைக் கையில் பிடித்த பிறகுதான் அந்த முக்கோணத்தின் அடிப்பகுதியில்தான் நமது ஆறு நிமிடம் விழுந்து கிடக்கிறது என்று விளங்கியது.

வன்றட்டு என்பது உள்ளே சுழலும் தட்டு. மேசைக் கணினிகளில் வழக்கமாக நிமிடத்துக்கு 7200 சுற்று. அதாவது செக்கனுக்கு 120. ஒரு சுற்றுக்கு எட்டு மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். தேவையான தரவு ஊசிக்குக் கீழே வரும்வரை சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கும் எட்டு, ஒன்பது மில்லிசெக்கன். இரண்டையும் கூட்டினால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் தரவுகளைச் செக்கனுக்கு நூறு தடவைகூட எடுக்க முடியாது. கணினி தொடங்கும்போது செய்வது பெரும்பாலும் அந்த வேலைதான். ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளைத் தட்டின் நாலா பக்கமும் தேடித் தேடி எடுக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை எடுக்கலாம்.

சமையலறைக் கணக்கில் சொன்னால், முறைவழியாக்கி என்பது சமைக்கும் உம்மா. ரெம் என்பது அடுப்பங்கரைத் தட்டு. வன்றட்டு என்பது வளவுக்கு அப்பால் இருக்கும் களஞ்சிய அறை. மஞ்சளுக்கு ஒரு தடவை, கறுவாவுக்கு ஒரு தடவை, உப்புக்கு ஒரு தடவை என்று மழையில் களஞ்சியத்துக்கு ஓட வேண்டியிருந்தால், உம்மாவின் கை எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தும் கறி இறங்காது. உம்மாவை மாற்றிப் பயனில்லை, களஞ்சியத்தைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

இந்தத் தட்டு ஒன்றும் நேற்று வந்ததல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1956 இல் முதல் வன்றட்டை வெளியிட்டபோது அதில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. மொத்தக் கொள்ளளவு ஐந்து மில்லியன் எழுத்துகள். இன்று ஒரு கைத்தொலைபேசிப் படத்துக்கே அது போதாமற் போகலாம். எஸ்.எஸ்.டி.க்கு அடிப்படையான மின்வெட்டொளி நினைவகத்தை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா என்பவர் 1980களில் கண்டுபிடித்தார். எங்கள் வாப்பாவும் உம்மாவும் பிறந்த காலத்தில் வந்துவிட்ட ஒரு பொருளுக்காக நாம் இன்னும் காத்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு வியப்பு.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொடங்கும் வேகமும் நாள் முழுக்க வேலை செய்யும் வேகமும் ஒன்றல்ல. தோழியின் மடிகணினி எழும்புவதற்குத்தான் சோம்பல். எழும்பிய பிறகு நன்றாகவே ஓடியது. ஒரு தடவை திறந்த மென்பொருளை மறுதடவை திறந்தால் உடனே வந்தது. 8 ஜிகாபைட் ரெம் இருப்பதால் முன்பு எடுத்ததை அது மறக்கவில்லை. பரிசளிப்பு விழாக் காணொளி ஒன்றைச் சுருக்கிப் பார்த்தோம். அவளுடையது 11 நிமிடத்தில் முடித்தது. நொண்டிப் பெட்டிக்கு 26 நிமிடம். அங்கே முறைவழியாக்கிக்குத்தான் வேலை, வட்டுக்கு அல்ல. ஆகவே காணொளி தொகுப்பவர்கள் நான் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஆனால் நமது ஆய்வுகூடத்தில் யார் காணொளி தொகுக்கிறார்கள்? பைதன் எழுதுகிறோம், தரவுத்தளம் செய்கிறோம், இணையப்பக்கம் அமைக்கிறோம், ஆவணம் தட்டச்சு செய்கிறோம்.

நமது கணினிகளுக்கோ எழும்பிய பிறகும் நிம்மதியில்லை. 4 ஜிகாபைட்டில் பெரும்பகுதியை விண்டோஸும் வைரஸ் தடுப்பும் எடுத்துக்கொள்கின்றன. அதன் மேல் இணைய உலாவியையும் திறந்தால் ரெம் நிறைந்துவிடும். நிறைந்ததும் பணிசெயல் முறைமை சில பக்கங்களை வட்டுக்கு மாற்றிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். மெய்நிகர் நினைவகம் என்று படித்தோமே, அதுதான். அடுப்பங்கரைத் தட்டில் இடமில்லாமல் அரைத்த மசாலாவையே களஞ்சியத்துக்கு அனுப்பித் திரும்ப எடுப்பது போன்றது. அந்த நேரம் கணினிப் பெட்டியில் காதை வைத்தால் கறகறவென்று சத்தம் கேட்கும்.

இனி, இந்த ஆறு நிமிடம் யாருடையது என்று பார்ப்போம். எனக்கு வீட்டில் நொண்டிப் பெட்டி இருக்கிறது. ஆய்வுகூடத்தில் இழந்ததை இரவில் பிடித்துவிடுவேன். என் பக்கத்து இருக்கைத் தோழிக்கு அப்படியல்ல. இறத்தோட்டைப் பக்கத்து மேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவள். வீட்டில் கணினி இல்லை. வாரத்தில் ஆய்வுகூடத்துக்குப் போகும் நேரம்தான் அவளது விரல் விசைப்பலகையைத் தொடும் நேரம். பைதனில் உள்தள்ளல் பிசகினால் நிரல் ஓடாது. அவள் தன் கொப்பியில் நிரல்களைப் பென்சிலால் எழுதி, உள்தள்ளலுக்குச் சுட்டுவிரலை வைத்து அளக்கிறாள். ஒரு மட்டத்துக்கு ஒரு விரல், இரண்டாம் மட்டத்துக்கு இரு விரல். எங்கள் வகுப்பிலேயே அழகான நிரல்கள் அவளுடையவை. அவற்றில் எத்தனை ஓடும் என்பது அவளுக்கே தெரியாது.

ஒரு கணினிக்கு இரண்டு பேர். 40 நிமிடத்தில் வரவுக்கு ஐந்து, எழும்ப ஆறு, சேமித்து நிறுத்த நான்கு. எஞ்சுவது 25. ஆளுக்குப் பன்னிரண்டரை நிமிடம். வகுப்பில் 36 பேர் ஆறு நிமிடம் வீதம் காத்திருந்தால் ஒரு பாடவேளைக்கு 216 நிமிடம். ஐந்து பாடவேளைக்கு மேல்!

இப்படிக் கணக்குப் பார்ப்பது பைத்தியம் என்று நினைக்காதீர்கள். 1983 இல் மெக்கின்டொஷ் கணினி தயாராகிக்கொண்டிருந்தபோது, அது தொடங்க நேரம் எடுக்கிறது என்று ஸ்டீவ் ஜொப்ஸ், லாரி கென்யன் என்ற பொறியியலாளரிடம் போய் நின்றாராம். பத்துச் செக்கனைக் குறைத்தால் ஒவ்வொரு நாளும் ஐந்து மில்லியன் பேருக்கு ஐம்பது மில்லியன் செக்கன் மிச்சம், ஒரு வருடத்தில் அது பல மனித ஆயுள்களுக்குச் சமம் என்று கணக்குக் காட்டினாராம். அந்தக் குழுவில் இருந்த அண்டி ஹேர்ட்ஸ்ஃபெல்ட் இதை எழுதி வைத்திருக்கிறார். சில மாதங்களில் பத்துச் செக்கனுக்கு மேல் குறைத்தும் விட்டார்கள். அங்கே பத்துச் செக்கனுக்கு அந்தப் பாடு. இங்கே ஆறு நிமிடத்தை யாரும் ஒரு குறையாகவே எடுப்பதில்லை.

என் கணக்கைக் காட்டியபோது கிடைத்த மறுமொழிகள் பலவிதம். "பரீட்சையில் நிரலைக் கடதாசியில்தானே எழுதப் போகிறீர்கள்" என்றார் ஒருவர். உண்மைதான். ஆனால் கடதாசி பிழையைக் காட்டாது. நான்காம் வரியில் பிழை என்று சிவப்பில் கணினி சொல்லும்போது வருகின்ற வெட்கமும், அதைத் திருத்தி ஓடவிடும்போது வருகின்ற மகிழ்ச்சியும் கடதாசியில் இல்லை. நூறு பிழை விட்டவளுக்குத்தான் நூற்றோராவது நிரல் சரியாக வரும்.

"முன்கூட்டியே இருவரை அனுப்பிப் போட்டு வைக்கலாமே" என்பது இன்னொன்று. செய்து பார்த்தோம். முந்திய பாடத்தின் கடைசி ஏழு நிமிடத்தை அந்த இருவரும் இழந்தார்கள். அதோடு, அவசரத்தில் பதினெட்டையும் ஒரேயடியாகப் போட்டால் சுவரிலுள்ள ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடுகிறது. மீண்டும் ஆரம்பத்திலிருந்து. "அப்படியென்றால் நிறுத்தாமலே விடுங்கள்" என்று சொன்னவர் மாத்தளையின் ஐப்பசி மாதத்து இடியைக் கேட்டிராதவராக இருக்க வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்து வந்தால் வீட்டில் தொலைக்காட்சிச் செருகியைக்கூடக் கழற்றிவிடுகிறோம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு மறுமொழியும் உண்டு. புதிய கணினிக்குச் சிவப்பு நாடா கட்டலாம், வெட்டலாம், படம் எடுக்கலாம். பெட்டிக்குள்ளே திருகாணி போட்டுப் பூட்டிய உள்ளங்கை அளவு எஸ்.எஸ்.டி.க்கு யார் நாடா வெட்டுவது? நம் சங்கத்து ராத்தாமார் படத்துக்காகக் கொடுப்பவர்கள் அல்லர். ஆனால் கொடுப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற வழக்கம் நம் ஊரில் பழையது. கேட்கும் நாங்களும் கண்ணுக்குத் தெரிவதைத்தானே கேட்டோம்?

என் வாப்பா மிளகு வியாபாரி. சாக்கின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. லீற்றர் பாத்திரத்தில் மிளகை நிரப்பி, தராசில் வைத்து நிறுப்பார். ஒரு லீற்றரில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதில் பதரும் மணியும் தெரிந்துவிடும். கணினி வாங்கப் போகும் வீடுகளுக்கும் இதையே சொல்வேன். ஐ5, ஐ7 என்று ஸ்டிக்கரைப் படிப்பதை விட்டுவிட்டு, உள்ளே என்ன வட்டு, எத்தனை ஜிகாபைட் ரெம் என்று கேளுங்கள். கடையிலேயே ஒரு தடவை நிறுத்திப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நகரத்தில் ஒரு கணினிக் கடைக்கு நானாவோடு போனேன். "வன்றட்டுக்குப் பதிலாகத் திண்மநிலைச் சேமிப்பகம்" என்று நான் பாடநூல் தமிழில் கேட்க, கடை நானா எங்கள் நானாவைப் பார்த்து, "தங்கச்சி என்ன கேக்குறா?" என்றார். எஸ்.எஸ்.டி. என்றதும் முகம் மலர்ந்தது. விலைகளை ஒரு துண்டில் எழுதித் தந்தார். புதிய கணினித் தொகுதி ஒன்று ஒன்றரை இலட்சத்தைத் தாண்டுகிறது. 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. பத்தாயிரத்துக்கு உள்ளே. பாவித்த 4 ஜிகாபைட் ரெம் மூவாயிரம். பதினெட்டுக் கணினிகளுக்கும் இரண்டையும் போட்டாலும் இரண்டே கால் இலட்சத்தைச் சுற்றித்தான் வருகிறது. இரண்டு புதிய கணினிகளின் விலையில் மிச்சமும் இருக்கிறது.

அந்தத் துண்டோடு டீச்சரிடம் போனேன். டீச்சர் அதிபரிடம் கேட்டு ஒரேயொரு கணினிக்கு அனுமதி வாங்கித் தந்தார். எஸ்.எஸ்.டி.க்கு வகுப்பில் காசு சேர்த்தோம். யன்னல் ஓரத்து ஏழாம் இலக்கத்தைத் தெரிவு செய்தோம், அதுதான் ஆக மோசமானது. மின்சாரத்தைத் துண்டித்து, பக்கத் தகட்டைக் கழற்றி, பன்னிரண்டு வருடத் தூசைத் தூரிகையால் தட்டி, இரண்டு வடங்களை மாற்றிச் செருகினோம். பழைய வட்டில் இருந்ததைப் புதியதுக்கு அப்படியே பிரதி செய்யத்தான் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. திருகாணி முடுக்கியது என் தோழி. அவளது கை நடுங்கவில்லை, எனது நடுங்கியது.

மறுநாள் காலை 52 செக்கன்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நமது மூன்றாம் தலைமுறைகளுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. "அதனால்தான் புதியது வாங்கச் சொல்கிறோம்" என்பார்கள். இரண்டு வாங்கினால் மற்றப் பதினாறும் என்ன ஆவது? லினக்ஸ் இருக்கிறது, இலவசம், பழைய கணினியிலும் ஓடும். கேரள மாநிலத்தில் பாடசாலைக் கணினிகள் இலட்சக்கணக்கில் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் நாட்டவர்களே ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு ஹந்தானை மலையின் பெயரில் ஒரு லினக்ஸ் செய்திருக்கிறார்கள். பைதன் அதில் அப்படியே ஓடும். பாடநூலில் இருக்கும் திரைப்படங்கள் சற்று மாறித் தெரியும், அதற்குக் கொஞ்ச நாள் எடுக்கும். டீச்சருக்கு இதில் இன்னும் முழுச் சம்மதமில்லை. முதலில் இரண்டு கணினிகளில் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

பதினெட்டும் பழையவை என்பதால் நாளைக்கு ஒன்றிரண்டின் மின்வழங்கி எரியலாம். அப்போது அந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறொன்றில் போடலாம். ஆறு, ஏழு வருடத்தில் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆறு, ஏழு வருடத்தில் இப்போது தரம் ஆறில் இருப்பவர்கள் உயர்தரம் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

எனவே சங்கத்து ராத்தாமாரே, அன்று கேட்டதை மன்னித்து, இன்று கேட்பதைத் தாருங்கள். பதினேழு எஸ்.எஸ்.டி., பதினெட்டு ரெம். மிச்சக் காசில் அந்த ட்ரிப் சுவிட்சை ஒரு மின்னியலாளரைக் கொண்டு பார்க்கச் சொல்லலாம். நாடா வெட்டத்தான் வேண்டுமென்றால் ஆய்வுகூடக் கதவிலேயே கட்டிவிடுகிறோம்.

ஏழாம் இலக்கத்தில் இப்போது இருவர் அமர்வதில்லை, நால்வர் அமர்கிறார்கள். சண்டை வந்ததால் டீச்சர் ஒரு பெயர்ப் பட்டியலை அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். இந்த வாரம் என் தோழியின் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. கொப்பியில் அடையாளமிட்டு வைத்திருக்கும் பதினொரு நிரல்களையும் ஒரே பாடவேளையில் ஓடவிட்டுப் பார்க்கப் போவதாகச் சொல்கிறாள். நிறுத்தற் கடிகாரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, விளையாட்டு டீச்சர் திருப்பிக் கேட்கவில்லை.